நான் எழுதிய அறிமுகக் குறிப்பு

ஒருவரைப் பற்றி நாலு வரி எழுதுவது எனக்குக் கைவந்த கலை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வங்கியில் யார் ஓய்வு பெற்றாலும் வாழ்த்துரையை என்னிடம்தான் எழுதி வாங்குவார்கள். அந்தத் திமிரோடுதான், நானும் ஓய்வு பெற்ற பிறகு, இராஜபாளையத்தில் இந்த அறக்கட்டளைக்கு வந்து சேர்ந்தேன்.

எங்கள் வேலையைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். கொடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறோம். மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள், கல்லூரி மாணவிகள், கடைக்காரர்கள் என்று எல்லோருக்கும் வகுப்பு உண்டு. என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடு, கொடுத்ததைத் தம்பட்டம் அடிக்காதே என்பதுதான் முதல் பாடம். நடத்துகிறவர்கள் மூன்று பேர். தலைவி, கல்லூரி முதல்வராக இருந்தவர். அலுவலகத்துக்கு நான். வகுப்புகளுக்குப் பொறுப்பு ஓர் அம்மா. என்னைவிட இருபது வயது இளையவர். பேண்டேஜ் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் கட்டுத்துணி மடித்தவர்.

தலைவி அவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்ததற்குக் காரணமே அந்த மடிப்புதான். அவர் இருந்த வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்குக் காய்ச்சல், கை வலி, வயிற்றில் பிள்ளை என்றால், மற்றவர்கள் தாங்கள் மடித்ததில் ஆளுக்குப் பத்து எடுத்து அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். யார் போட்டது என்று அவளும் கேட்கக் கூடாது, இவர்களும் சொல்லக் கூடாது. சாயங்காலம் மேஸ்திரி எண்ணிப் பார்க்க வரும்போது அவள் கூடையும் நிறைந்திருக்கும். இதை அந்த அம்மா வகுப்பில் சொல்லும்போது மில் முதலாளிகள்கூடக் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி மாணவிகளுக்குப் பெரிய கூட்டம் ஒன்று ஏற்பாடானது. கூட மடித்த எட்டுப் பெண்களையும் மேடையேற்றி, அவர்கள் வாயாலேயே அந்த வழக்கத்தைச் சொல்லவைக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் பல நாள் ஆசை. கெஞ்சிக் கூத்தாடி, லீவு போடவைத்து, சம்மதமும் வாங்கிவிட்டார். அந்தக் கூட்டத்துக்காக எங்கள் மூவரைப் பற்றியும் ஒரு சிறு புத்தகம் அச்சடிக்க வேண்டும். எழுதுகிற பொறுப்பு என்னுடையது.

என்னைப் பற்றி ஏழு வரி எழுதினேன். வெட்கம் கெட்ட ஏழு வரி. அவரைப் பற்றி, 'மருத்துவப் பொருள் துறையில் பன்னிரண்டு ஆண்டு நிர்வாக அனுபவம் மிக்கவர்' என்று எழுதினேன். எழுதிவிட்டு, என்ன எடுப்பாக இருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டேன்.

அச்சுக்குப் போகுமுன் அவர் படித்தார்.

"சார், இது நானா?"

"பின்னே யாரு? பேண்டேஜ் மருத்துவப் பொருள்தானே?"

"நிர்வாகம்லாம் நான் எங்க சார் பண்ணேன்? மடிச்சேன். மடிச்சான்னே போடுங்க."

"பெரிய மனுசங்க படிக்கிற புத்தகம்மா. மடிச்சான்னு போட்டா மதிப்பாங்களா? அடுத்த தடவை மாத்திக்கலாம்."

அவர் தாளை என் மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். கேட்டுவிட்டுக் கொடு என்று ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவன், கேட்காமல் ஒரு கௌரவத்தைக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்ற பிறகும் கையில் திணித்தேன். எனக்கு அவர் வேலை மட்டமாகப் பட்டது, அதுதான் உண்மை. அதை அவருக்குச் செய்த உபகாரமாக வேறு நினைத்துக்கொண்டேனே, சே!

அச்சான புத்தகம் அழைப்பிதழோடு அந்த எட்டுப் பேர் வீட்டுக்கும் போனது. கூட்டத்தன்று மேடையில் எட்டு நாற்காலியும் காலி. அந்த அம்மா வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தார், போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. கடைசியில் தனியாகவே பேசினார். பேச்சில் உயிரே இல்லை.

மறுநாள் டீ இடைவேளைக்கு இருவரும் கம்பெனி வாசலுக்குப் போனோம். அந்த வரிசையில் மூத்தவரான, கண்ணாடி போட்ட ஓர் அக்கா வெளியே வந்தார். கையில் எங்கள் புத்தகம். பின்னாலேயே மற்றவர்களும் வந்து நின்றார்கள்.

"ஏட்டி, எங்க கூட உக்காந்து மடிச்சவன்னு சொல்ல ஒனக்கு அம்புட்டு வெக்கமா? நிர்வாகமாம்லா! அப்ப நாங்க யாரு, ஒன் வேலைக்காரிகளா? எம் மக இதப் படிச்சுக் காட்டயில எனக்குச் சோறு எறங்கலட்டி."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. அந்த அம்மா திரும்பி ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். 'நான்தான் எழுதினேன், இவங்க வேண்டாம்னாங்க' என்று சொல்ல ஒரு மூச்சுக்கு மேல் ஆகாது. மேலதிகாரிகளிடமே எதிர்த்துப் பேசிய வாய் இது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தப்புதான்க்கா," என்றார் அவர். "நாந்தான் அப்படிப் போடச் சொன்னேன். புத்தி கெட்டுப் போச்சு."

அந்த அக்கா அவரை ஏசு ஏசு என்று ஏசினார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் தலை குனிந்து அவ்வளவையும் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் கேட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"நீங்கதான்னு சொன்னா டிரஸ்ட்டே வேண்டாம்னு போயிருவாக சார். நான்னா நல்லா ஏசிட்டுப் பொறவு விட்ருவாக. அவிய வரணும் சார், அதான் வேணும்."

"நான் போய்ச் சொல்லிடறேன்," என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போகவில்லை. நாளைக்கு, திங்கள்கிழமை என்று தள்ளிப்போட்டு, இரண்டு வருடம் ஓடிவிட்டது.

குறிப்பைத் திருத்தி அச்சடித்தோம். அவர் சொன்னபடியே அவர்கள் வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மறுபடி கூட்டம் போட்டபோது எட்டு நாற்காலியும் நிறைந்தது. கண்ணாடி போட்ட அக்கா கூடைக் கதையைச் சொன்னார். மாணவிகள் அசையாமல் கேட்டார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"இன்னொண்ணும் சொல்லுதேன் பிள்ளைகளா," என்று அந்த அம்மாவின் தோளில் கை போட்டார். "இவ ஒரு தடவ எங்களச் சொல்லிக்கிட வெக்கப்பட்டு மறைச்சுட்டா. நாங்க மன்னிச்சுட்டோம். மன்னிக்கிறதும் கொடுக்கிறதுதான்."

பலத்த கைதட்டல். அந்த அம்மா சிரித்தபடி தலையாட்டினார். அந்தக் கதை பாடத்திலேயே சேர்ந்துவிட்டது. இப்போது எந்த ஊரில் கூட்டம் நடந்தாலும் அவர் வெட்கப்பட்டு மறைத்தவராகி, மன்னிக்கப்படுகிறார். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு கூசுகிறது. கூசி என்ன பயன்?

போன வாரக் கூட்டத்தில் அந்த அக்கா கதையைச் சொல்லிவிட்டு என்னைக் கை காட்டினார். "அன்னைக்கு இவளக் கூட்டிக்கிட்டு எங்க வாசலுக்கு வந்தது இந்த சார்தான். பேங்க் மேனேஜரா இருந்தவுக, எங்க வாசல்ல வந்து நின்னாக. எம்புட்டுப் பெரிய மனசு!"

மாணவிகள் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். மேடையில் அந்த அம்மாவும் தட்டினார். நான் எழுந்து நின்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டேன்.