எங்கள் அறையில் மட்டும் கரன்ட் போனது

கொச்சியில் அந்த ஓட்டலின் ஒன்பதாம் மாடி அறைக் கதவைத் திறந்ததும் என் மகள் ஓடிப்போய்க் கண்ணாடியில் இரண்டு கைகளையும் பதித்து நின்றாள். சுவர் இருக்க வேண்டிய இடம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் துறைமுகம். அடுக்கடுக்காக ஜன்னல்கள் வைத்த வெள்ளைக் கப்பல் ஒன்று சத்தமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

"அம்மா, வூடு போவுது! வூடு போவுது பாரு!"

"உன் பொண்ணு சுத்தமா குறிஞ்சிப்பாடிக்காரி ஆயிட்டா," என்று என் கணவர் சிரித்தார். நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் ஊர் குறிஞ்சிப்பாடி. நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கம். மூன்று வயதுப் பிள்ளை மட்டும் அந்த அக்காவின் பேச்சைப் பிடித்துக்கொண்டாள்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கண்ணாடியின் விளிம்பைத் தடவி, அது எங்கேயாவது திறக்குமா என்று பார்த்தேன். திறக்கவில்லை. கப்பல் போன பிறகும் தண்ணீர் வெகுநேரம் கறுப்பாக அசைந்துகொண்டிருந்தது.

என் கணவர் நெய்வேலி அனல்மின் நிலையத்தில், எங்கள் ஊர்ப் பேச்சில் தெர்மலில், பாய்லர் பகுதியில் வேலை பார்க்கிறார். பயிற்சி வகுப்பு ஒன்றுக்காக அவரைக் கொச்சிக்கு அனுப்பினார்கள். குடும்பத்தையும் அழைத்துப் போகலாம் என்றதும் எதிர்வீட்டுக்காரி, "உனக்கென்னடி, கடலைப் பாத்துக்கிட்டே காப்பி குடிக்கப்போற ராணி," என்று கேலி செய்தாள். நான் காப்பி குடிக்கப் போகவில்லை. மகளின் மூச்சைக் கேட்கப் போனேன்.

போன மழைக்காலத்திலிருந்து அவளுக்கு வீசிங். சளி பிடித்தால் வரும். சில நாள் சளி இல்லாமலும் வரும். நெஞ்சுக்குள் விசில் போல ஒரு சத்தம். கடலூரில் நாங்கள் காட்டிய டாக்டர், "தூசியா இருக்கலாம், முந்திரிப் பூவா இருக்கலாம், தலையணைப் பஞ்சாகூட இருக்கலாம். ரெண்டு மூணு நாள் வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. அங்க நல்லா இருந்தா அப்புறம் யோசிப்போம்," என்றார்.

அப்புறம் எதை யோசிப்பது என்று அவர் சொல்லவில்லை. ஊரை விட்டுப் போவதைத்தான் என்று எங்களுக்குப் புரிந்தது. என் கணவர் பெர்மனென்ட். வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி, ஊரில் இருக்கும் மாமனார் மாமியாரின் மருத்துவச் செலவு எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் நிற்கின்றன. கடலூரிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர், "முந்திரிப் பூதான். காடாம்புலியூர்ப் பக்கம் மரமெல்லாம் இப்ப பூத்துக் கிடக்கு. பூ கொட்டினா சரியாயிடும்," என்றார். நான் தலையாட்டினேன். மழைக்காலத்தில் முந்திரி பூக்காதே என்று தோன்றியது. ஒருவேளை மழைக்காலத்தில் வந்தது வெறும் சளியோ, நான்தான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறேனோ என்றும் தோன்றியது.

கொச்சிக்குப் போன மறுநாள் விடிகாலையில் விழிப்பு வந்தது. நெய்வேலி நகரியத்தில் எந்த நேரமும் தெர்மலின் இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஊரை விட்டு வந்தால்தான் அப்படி ஒன்று இருந்ததே தெரியும். அந்த அறையில் எதுவும் இல்லை. கனத்த திரை, கனத்த கதவு, காலடி கேட்காத கம்பளம். நான் எழுந்து உட்கார்ந்து மகளின் முகத்தருகே குனிந்தேன். மூச்சு வந்தது, போனது. விசில் இல்லை. இன்னும் குனிந்தேன். இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு என் மகள் எல்லாப் பிள்ளைகளையும் போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. டாக்டர் சொன்ன அந்த 'அப்புறம்' அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. திரையை விலக்கிப் பார்த்தேன். சாம்பல் நிற வெளிச்சத்தில் பெரிய கப்பல்கள் தூரத்தில் வரிசையாக, எதற்கோ உத்தரவு வரும் என்பது போல நின்றிருந்தன.

"நல்லா தூங்கினாளா?" என்று அவர் எழுந்ததும் கேட்டார்.

"ம்," என்றேன். இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்று பகலெல்லாம் அவர் வகுப்பில் இருந்தார். நாங்கள் அறையிலேயே இருந்தோம். ஏசியைக் கூட்டினால் குளிருமோ, குறைத்தால் புழுங்குமோ என்று மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தேன். அவள் கம்பளத்தில் புரண்டு விளையாடினாள். கம்பளத்தில் எத்தனை பேர் காலடித் தூசி இருக்கும் என்று நினைத்ததும் தூக்கிக் கட்டிலில் விட்டேன். இறங்கி ஓடினாள். மறுபடியும் தூக்கினேன். ஒரு கப்பல் நீளமாக ஊதியது. அத்தனை நேரம் சிரித்துக்கொண்டிருந்தவள் ஓடிவந்து என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அது நம்மளக் கூப்புடுதா?" என்றாள். அதன் பிறகு இரண்டு முறை இருமினாள். பயத்தில் வந்த இருமல் என்று வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வகுப்புக்கு வந்தவர்களைப் படகில் துறைமுகம் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார்கள். குடும்பத்தோடு வரலாம். ஈரக் காற்று பிள்ளைக்கு ஆகாது என்று நான் வரவில்லை என்றேன்.

"ஒருநாள்தானே. சும்மா வாயேன்."

"நீங்க போயிட்டு வாங்க. எல்லாரும் போறப்ப நீங்க மட்டும் இருந்தா நல்லாருக்காது."

"சரி. யார் தட்டினாலும் கதவைத் தொறக்காத. சீக்கிரம் வந்துடுறேன்." கதவோரம் சுவரில் செருகியிருந்த அட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அது கதவைத் திறக்கும் அட்டை. தொலையாமல் இருக்க அங்கே செருகி வைக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவர் போன சிறிது நேரத்தில் அறையின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. ஏசி ஒரு முறை முனகி நின்றது.

எங்கள் நகரியத்தில் கரன்ட் போவது அபூர்வம். சுற்றியுள்ள ஊர்களில் இன்வர்ட்டர் வைத்திருப்பார்கள். எங்கள் பிளாக்கில் மெழுகுவத்தி தேடினால்தான் கிடைக்கும். மகளுக்கு மூச்சு மருந்து கொடுக்கும் நெபுலைசர் வாங்கும்போது கடைக்காரர் பேட்டரியில் ஓடுவதையும் எடுத்துக் காட்டினார். "கரன்ட் செய்யிற ஊர்க்காரன்கிட்ட பேட்டரி விக்கிறீங்களே," என்று என் கணவர் சிரித்துவிட்டு, பிளக்கில் செருகும் மெஷினையே வாங்கி வந்தார். எங்கள் பிளாக்கில் கரன்ட் போனால் யாரும் விசிறியைத் தேடுவதில்லை. பெண்கள் வாசலுக்கு வருவார்கள். "உங்க வீட்டுக்காரர் என்ன ஷிப்ட்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு, தெர்மலில் ஏதாவது விபத்தோ என்று புகைபோக்கிகள் இருக்கும் திசையைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் எங்கேயோ ஒரு கிளை ஒயரில் விழுந்திருக்கும். ஆனாலும் ஷிப்டில் இருப்பவரிடமிருந்து போன் வரும்வரை யாரும் உள்ளே போய் உட்கார மாட்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு நானும் வாசலுக்கு வரப் பழகிக்கொண்டேன்.

அதனால்தானோ என்னவோ, அந்த அறை இருண்டபோது எனக்கு ஸ்விட்ச், ஃபியூஸ், ஓட்டல்காரர்கள் எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றியது. வாசலுக்குப் போவது போலக் கண்ணாடியருகே போய் நின்றேன்.

வெளியே எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் கிரேன்களின் உச்சியில் சிவப்பு விளக்குகள். பக்கத்துக் கட்டடத்தில் மாடிக்கு மாடி வெளிச்சம். எங்கள் அறையில் மட்டும்தான் இல்லை. அது என் பயத்தை உறுதி செய்தது. கீழே சின்னச் சின்னப் படகுகள் சீரியல் பல்பு கட்டிக்கொண்டு போயின. அவற்றில் எது அவருடையது என்று தெரியவில்லை. போன் போட்டேன். ஒரு பெண் குரல் மலையாளத்தில் ஏதோ சொல்லி நின்றது. மறுபடி போட்டேன். அதே குரல். படகுகளில் ஒன்று ஒரு பெரிய சரக்குக் கப்பலின் பின்னால் போனது. அது மறுபக்கம் வெளியே வர வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கப்பலின் கறுத்த பக்கம் மட்டும் அசையாமல் நின்றது. இன்னும் வரவில்லை.

அப்போது என் முதுகுக்குப் பின்னால், இருட்டில், அந்த விசில் கேட்டது.

எவ்வளவு நேரமாக அது இருந்ததோ. கட்டிலில் அவள் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். போன் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போனது. அழுவதற்குக்கூட அவளுக்குக் காற்று போதவில்லை. நெபுலைசரை எடுத்துச் சுவரில் செருகினேன். சத்தம் வரவில்லை. கரன்ட் இல்லாத அறையில் கரன்ட்டில் ஓடும் மெஷினை எடுத்துக்கொண்டு நிற்கிறேன் என்பது அந்த நேரத்தில்தான் உறைத்தது.

அவளை இடுப்பிலும் மெஷினும் மருந்தும் இருந்த பையைக் கையிலுமாக எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். தாழ்வாரம் முழுக்க வெளிச்சம். பின்னால் கதவு தானாகவே பூட்டிக்கொண்டது. லிஃப்டுக்கு அருகில், பூச்சாடி வைத்த மேசைக்குக் கீழே ஒரு பிளக் பாயின்ட் தெரிந்தது. கம்பளத்தில் உட்கார்ந்து செருகினேன். மெஷின் உறுமியது. மருந்தை ஊற்றி மாஸ்க்கை அவள் முகத்தில் வைத்ததும் வெள்ளைப் புகை கிளம்பியது. மாஸ்க்கைத் தள்ளிவிடப் பார்த்தாள். இறுக்கிப் பிடித்தேன்.

லிஃப்ட் திறந்தது. பட்டுப் புடவையும் மல்லிகைப்பூவுமாக இரண்டு பெண்கள் எங்களைச் சுற்றி நடந்து போனார்கள். பிறகு ஓட்டல் சீருடையில் ஒரு பெண் துண்டுகள் அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மேடம், இங்க உட்காரக் கூடாதல்லோ," என்று தொடங்கியவள் மாஸ்க்கைப் பார்த்தாள். "அய்யோ, குட்டிக்கு எந்தா?"

"மூச்சு... மூச்சு விட முடியல."

பிளக் தளர்ந்து மெஷின் விட்டு விட்டு ஓடியது. அவள் வண்டியை விட்டுவிட்டு என் பக்கத்தில் குந்தி, பிளக்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மகளின் விலா எலும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். மருந்து தீரும் நேரத்தில் கழுத்துக் குழி உள்ளே போவது மெல்ல நின்றது. மகள் மாஸ்க்குக்குள்ளிருந்து, "அம்மா, தண்ணி," என்றாள். அந்தப் பெண்ணே எழுந்து போய்க் கொண்டுவந்தாள்.

என் கணவர் நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்துடன் லிஃப்டிலிருந்து வெளியே வந்தபோதும் நாங்கள் அங்கேதான் இருந்தோம்.

"என்னாச்சு? ஏன் இங்க உட்கார்ந்திருக்க?"

"ரூம்ல கரன்ட் இல்லங்க."

"கரன்ட் இல்லையா? இங்க இவ்ளோ லைட்..." அவர் கை சட்டைப் பைக்குப் போனது. "அடக் கடவுளே. கார்டை நான்ல உருவிட்டுப் போயிட்டேன். இது அங்க செருகியிருந்தாத்தான் ரூமுக்குக் கரன்ட் வரும்." பிறகு அதிர்ச்சியை மறைக்க வழக்கம் போலக் கேலிக்குப் போனார். "பிசிக்ஸ் படிச்ச பொண்ணு, கீழ ஒரு போன் அடிச்சுக் கேக்கக் கூடாதா?"

"உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்."

"எனக்கா? போட்ல போறவனுக்கும் ரூம் கரன்ட்டுக்கும் என்னம்மா..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பெண்கள் வாசலில் நிற்பது அவருக்குத் தெரியும். ஷிப்டிலிருந்து வீட்டுக்குப் போன் செய்பவர்களில் அவரும் ஒருவர். ஷூ காலோடு அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஓட்டலுக்கு வந்து பார்த்த டாக்டர், இப்போது பயமில்லை, ஊருக்குப் போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். அவர் போனதும் என் கணவர் மெல்லச் சொன்னார்: "பாத்தியா, இங்கயும் வந்துடுச்சு. அப்ப நம்ம ஊர் காரணமில்ல."

அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அது வேண்டியிருந்தது. ஆனால் விடிகாலையில் விசில் இல்லாமல் அவள் தூங்கியதைக் கேட்டவள் நான் மட்டும்தான். நான் வாயைத் திறக்காவிட்டால் அந்த மூச்சு நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். சாயங்காலம் வந்தது கம்பளத்தாலா, ஏசியாலா, கப்பல் ஊதிய பயத்தாலா? எனக்குத் தெரியாது. கொச்சியிலிருந்து விருத்தாசலம் வரை ரயிலில் வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

நெய்வேலிக்கு வந்த மறுநாள் மத்தியானம் மகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பி ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

"கொச்சிக்குப் போன மறுநாள் விடிகாலையில அவளுக்கு விசிலே இல்லங்க," என்றேன்.

நின்றார். "நெஜமாவா?"

"பக்கத்துல உட்கார்ந்து கேட்டேன்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா நம்ப மாட்டீங்கன்னு." அது உண்மையில்லை என்பது சொல்லும்போதே தெரிந்தது. "நம்பிட்டீங்கன்னா அப்புறம் என்ன பண்றதுன்னு."

"ஒரு விடிகாலைய வச்சு என்ன சொல்ல முடியும்?"

"ஒண்ணும் சொல்ல முடியாதுதான்."

ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்தார். "ஃபேனை நிறுத்து," என்றார். நிறுத்தினேன். இறக்கைகள் சுற்றி ஓயும்வரை இருவரும் காத்திருந்தோம். அவர் பாயில் மண்டியிட்டு, குனிந்து, மகளின் முதுகில் காதை வைத்தார். விரலில் மாட்டியிருந்த பைக் சாவி சத்தமிடாமல் இருக்க உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கண்களை மூடினார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.