அம்மா தெரிவு செய்த உத்தியோகம்

கணினி வகுப்பு முடியும் தறுவாயில், மன்னார் நகரத்தில் எங்களுக்குப் படிப்பித்த சேர் இரண்டு வழி சொன்னார். ஒன்று நெற்வேர்க்: பாங்க், கம்பனி என்று கந்தோர் கந்தோராகப் போய் வயர் இழுத்துக் கணினிகளை இணைப்பது. மற்றது சிஸ்டம்: எல்லாக் கணினிகளுக்கும் தலைமையான சேர்வரை ஓர் அறைக்குள் வைத்துப் பராமரிப்பது. எனக்கு முதலாவதில்தான் ஆசை. நானே வயர் பூட்டி, ஒரு கணினியில் தட்டியது அடுத்த அறையில் தெரிந்த அன்று, தாழ்வுபாட்டில் இருக்கும் வீடு வரை பாடிக்கொண்டே சைக்கிள் ஓடினேன்.

அம்மாவுக்குக் கணினி தெரியாது. ஆமி நின்று பையைக் கிண்டும் சென்றிகள் எல்லாம் தெரியும்.

“வயரும் குறடும் பையில வச்சுக்கொண்டோ சென்றியால போகப் போறாய்? குண்டு செய்யிற சாமான் எண்டு பிடிப்பாங்கள்.”

“படிப்புச் சாமான் எண்டு சொல்லுவன்.”

“ஓம், அவங்களும் தலையாட்டிப்போட்டு விட்டிடுவாங்கள்.”

சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அம்மா சொன்னதில் பிழையில்லை என்பதுதான் கூடுதல் எரிச்சல். கடைசியில் சிஸ்டம் படித்தேன்.

நகரத்தில் ஒரு கந்தோரில் வேலையும் கிடைத்தது. அம்மா ஒருநாள் வந்து சேர்வர் அறையை எட்டிப் பார்த்தார். கதவுக்கு நல்ல பூட்டு இருக்கிறது என்று சந்தோசமாகத் திரும்பிப் போனார்.

கரண்ட் வந்தும் போயும் விளையாடியதில் சேர்வர் படுத்துவிட்டது. வவுனியாவுக்குக் கொண்டுபோய்த்தான் திருத்த வேண்டும். நெற்வேர்க் பார்க்கும் அண்ணை பிளேன் ரீ குடித்தபடி, “என்ர வயரெல்லாம் சுவரில கிடக்கு, நான் எங்க போறது?” என்றார். சேர்வர் பெட்டியை நான் தூக்கினேன். துணைக்கு வந்த அம்மா, பஸ்ஸில் அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

வழியில் ஒரு சென்றியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். மூடியைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். உள்ளே சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று ஒரே வயர். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

ஒரு சிப்பாய் என் அடையாள அட்டையை வாங்கி, என்னைத் தனியே கொட்டிலுக்குப் போகச் சொன்னான். இன்னொருவன் பெட்டியைக் கேட்டான். அம்மா அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“பிள்ளையை விடுங்கோ, பெட்டியைத் தாறன்.”

அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை. அம்மா அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பெட்டியை இறக்கவேயில்லை. நான் உண்மையாகவே பயந்துபோனேன். ஆமிப் பெரியவர் ஒருவர் வந்து, கந்தோருக்குப் போன் எடுத்துக் கேட்டபிறகுதான் விட்டார்கள்.

பஸ் வெளிக்கிட்டதும் அம்மாவின் கைகளைப் பார்த்தேன். பெட்டியின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தன. எனக்கு அழுகை வந்தது. அம்மா கையைத் தேய்த்துக்கொண்டே வெளியே பார்த்தபடி இருந்தார்.

“வயரெண்டா ஒரு கையால தூக்கியிருக்கலாம்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அந்த மற்றப் படிப்புக்கு இப்பவும் ஆள் எடுக்கினமோ?” என்று கேட்டார்.