கண்காட்சிக்குப் போன கறுப்புக் கோட்

ஒக்டோபர் 12, சனிக்கிழமை. வழமைபோல் ஆறு மணிக்கு எழுந்தேன். குப்பைத் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தேன். வாரத்துக்கான சட்டைகளை அயர்ன் பண்ணினேன். நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லண்டன் மோர்டனில் பஸ் ஏறி ஸ்ட்ரெதம் போனேன், என் கறுப்புக் கோட்டைப் பார்ப்பதற்காக.

அது ராசியான கோட். நாங்கள் எட்டுப் பேர் ஒரே வீட்டில் இருந்த காலத்தில், அகதி விண்ணப்ப நேர்காணலுக்கு யார் போனாலும் அதைத்தான் போட்டுக்கொண்டு போவார்கள். முதல் நாள் ஒருவர் அதிகாரியாக நடித்துக் கேள்வி கேட்க, போகிறவர் பதில் சொல்லிப் பழகுவார். எனக்கு அதிகாரியாக இருந்தவன் என் அறை நண்பன். சட்டையில் அம்மா மாற்றித் தைத்த நீலப் பொத்தானை வைத்துத் தம்பியின் உடலை நான் அடையாளம் கண்டதை அவனிடம்தான் முதலில் சொன்னேன். அம்மாவிடம், தம்பி காணாமல் போனதாகவே சொல்லியிருந்தேன். செவன் கிங்ஸில் அக்காவோடு இருக்கும் அம்மா, அவன் வருவான் என்றே இன்றும் இருக்கிறார்.

நண்பன் இப்போது ஒரு கலைக் கண்காட்சிக்கு உதவுகிறான். குடியேறியவர்களின் வாழ்க்கையைப் பார்வையாளர்களே நடித்து உணர வேண்டுமாம். கோட்டைக் கேட்டான், கொடுத்தேன். கதையை அவன் கேட்கவில்லை.

அங்கே ஒரு மேசை, இரண்டு கதிரைகள். என் கோட்டைப் போட்டிருந்த இளம்பெண் ஒருத்தி, எதிரே இருந்தவர் கேட்கக் கேட்க, அட்டையில் இருந்த பதில்களை வாசித்தாள். நீலப் பொத்தான் வந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. பிறகு கோட்டைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுத்தாள்.

"எப்பிடி மச்சான்? உன்ர கோட்டுக்கு லைன்ல நிக்கினம்," என்றான் நண்பன்.

"அது என்ர தம்பியடா."

"பேர் போடேல்லைத்தானே. என்ர தம்பியெண்டுதான் சொன்னனான்."

"உனக்குத் தம்பியே இல்லை."

"அதை ஆர் விசாரிக்கப்போகினம்?" சிரித்தான். "நாளைக்குப் பின்னேரம் முதியோர் சங்கம் வருது. தமிழிலையும் அட்டை அடிச்சிருக்கு. உன்ர அம்மாவும் வாறாவெல்லோ?"

"அந்த அட்டையை எடு."

"ஏலாது மச்சான். அதுக்குத்தான் சனம் அழுகுது. வேணுமெண்டால் கோட்டைக் கொண்டு போ, வேறை கோட் எடுக்கலாம்."

கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அது யாருடையதோ சென்ட் மணந்தது. அந்தக் காலத்தில், நண்பனிடம் சொல்லிப் பழகிய அடுத்த நாள், இதே கோட்டோடு உண்மையான அதிகாரியிடமும் அதையேதான் சொன்னேன். அவர் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் காலை தேநீருக்குத் தண்ணீர்கூட வைக்கவில்லை. முதல் ரயிலில் செவன் கிங்ஸ் போனேன். அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, நீலப் பொத்தானில் இருந்து தொடங்கினேன்.