தொண்ணூற்றேழாவது மீட்டர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது என் அக்காவுக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

அக்கா திறந்தவெளிச் சுரங்கத்தில், பெரிய பள்ளம் ஒன்றில், அளவெடுப்பவள். அவள் கணவர், எங்கள் மாமா, அதே பள்ளத்தில் மண்வாரி இயந்திரம் ஓட்டுகிறார். பள்ளத்தை இனி ஆழப்படுத்த முடியாதாம். அடியில் குகை வெட்டி, பாறையைத் தானாகச் சரியவிட்டு, கீழிருந்தே அள்ளப்போகிறார்கள். கீழே இறங்கச் சம்மதிப்பவர்களுக்கு மட்டும்தான் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் மாமா பெயர் கொடுத்தாக வேண்டும்.

"மேல வெயிலு, கீழ நிழலு. கசக்குதா என்ன?" என்றார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை.

வியாழன், மதியம் 1.10. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பள்ளத்தின் தரையில் ஒரு துளை. உள்ளங்கை அகலம், நூற்றிருபது மீட்டர் ஆழம். குகை வரப்போகும் மட்டம்வரை போட்டது. தினமும் அதில் இரும்புக் குண்டைக் கயிற்றில் இறக்கி அக்கா ஆழம் பார்ப்பாள். அடியில் யாரும் இன்னும் தோண்டத் தொடங்கவில்லை. வெறும் பாறை.

1.17. கயிறு தொண்ணூற்றேழில் நின்றது.

கல் அடைத்திருக்கும் என்று நினைத்தாள்.

அப்போது கயிறு இழுபட்டது... கீழிருந்து.

ஒன்று. இரண்டு. மூன்று.

கீழ்வேலைப் பயிற்சியில் போன வாரம்தான் சொல்லித் தந்திருந்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் மூன்று முறை தட்ட வேண்டும். உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம்.

அக்காவுக்குப் பயம் வரவில்லை. அவளும் மூன்று முறை இழுத்தாள்.

பதில் வந்தது. மெதுவாக.

ஒன்று... இரண்டு... மூன்று.

பிறகு இரண்டு.

பிறகு ஒன்று... அதோடு கயிறு அசையவில்லை.

1.31. குண்டை மேலே எடுத்தாள். தினமும் சேறு ஒட்டியிருக்கும். அன்று துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

அக்கா நடந்ததை ஆபீஸில் சொன்னாள். மாலையில் இன்ஜினியர் சொன்னார்: "கேமரா விட்டுப் பாத்தாச்சும்மா. அடைப்பே இல்ல. நூத்திருபதும் முழுசா இருக்கு. வெயில்ல நின்னா தலை சுத்தத்தான் செய்யும்."

வீட்டில் அக்கா ஒன்றே ஒன்று சொன்னாள். "பேரு குடுக்காதீங்க."

"ஏன்?"

அவள் சோற்றைப் போட்டுத் தட்டை அவர் முன் வைத்தாள்.

"சரி. சோத்துக்கு?"

மறுநாள் மாமா பெயர் கொடுத்துவிட்டார்.

நான்கு மாதம் கழித்துத் திட்டம் மாறியது. ஆழத்தில் பாறை சரியில்லையாம். குகையின் மட்டத்தை உயர்த்திவிட்டார்கள். புது வரைபடத்தைச் சரிபார்க்க அக்காவிடமே கொடுத்தார்கள்.

பள்ளத்தின் தரையிலிருந்து தொண்ணூற்றேழு மீட்டர்.

இப்போது தோண்டிக்கொண்டே அந்தத் துளை இறங்கும் இடத்துக்கே வந்துவிட்டார்கள். திங்கள் முதல் மாமாவுக்கு அங்கேதான் ஷிஃப்ட்.