ஜாஸ் இசைத்தட்டுகளும் நண்பரின் பல்செட்டும்

காலையில் குளித்து, நீறு பூசி, ஒரு பதிகமாவது பாடி முடிக்காமல் நான் காபியைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஜாஸ் கேட்காமல் இருப்பதும் இல்லை. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் எப்படிக் குடியிருக்கின்றன என்று என் மனைவி கேட்டதுண்டு. அடுத்தடுத்த அறைகளில் இருக்கின்றன, நடுவில் கதவு கிடையாது என்பேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் வீடு மாறியபோது, ஓர் அட்டைப்பெட்டி நிறைய சி.டி.க்களையும் அவற்றைப் பாடவைக்கும் கருவியையும் கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனாள். எல்லாம் ஜாஸ். அவற்றைக் கேட்கத் துணை வந்தவர் அடுத்த தெருவில் இருக்கும் என் நண்பர். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு பயிரிடுகிறவர். வாலிபம் முதல் மாதா கோயில் பேண்டில் ட்ரம்பெட் ஊதியவர். ஞாயிறு பூசை முடிந்து, சாப்பிட்டு, சிறு தூக்கமும் போட்டுவிட்டு வருவார். அவர் என்னைச் சாமியாரே என்பார். நான் அவரைப் பேண்டுகாரரே என்பேன்.

அட்டைகளில் இருந்த பெயர்கள் எங்கள் வாயில் நிற்கவில்லை. நாங்களே பெயர் வைத்தோம். ‘முனகல்காரர்’ என்பது, பியானோ வாசிப்பவர் தம்மை அறியாமல் கூடவே முனகும் தட்டு. பதிகத்தில் உருகி நிற்பவரின் தொண்டையிலிருந்து சொல்லுக்கு முன்பே ஓர் ஒலி கிளம்புமே, அதுதான். ‘வரப்பு’ என்ற தட்டில் பெரிய தந்தி வாத்தியம் ஒன்று, ஈர வரப்பில் கால் வைத்து நடப்பவரைப் போல ஒரே நிதானத்தில் போய்க்கொண்டிருக்கும். மற்ற வாத்தியங்கள் வயலில் இறங்கிச் சேற்றை வாரி இறைத்து விளையாடும். அது மட்டும் இறங்காது. எல்லாவற்றிலும் எனக்கு இனியது ‘நீலம்’. அதில் ட்ரம்பெட்காரர் குழலின் வாயை எதையோ கொண்டு அடைத்து, மிகக் குறைவாக ஊதுவார். ஊதாமல் விட்ட இடத்திலும் அவர் நிற்பது தெரியும்.

இந்த இசை எனக்கு அந்நியமாகப் படாததற்குக் காரணம் விருத்தம். பாட்டின் சொல் மாறாது. ஆனால் தாளக்கட்டு இல்லாமல் அதை ராகத்தில் விரித்துப் பாடும்போது, நேற்றுப் போன வழியில் இன்று போவதில்லை. எங்கே நீட்டுவேன், எந்தச் சொல்லைத் திரும்பத் தொடுவேன் என்பது பாடும்போதுதான் எனக்கே தெரியும். ஜாஸிலும் மெட்டை முதலில் காட்டிவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொருவராக அதை எடுத்துக்கொண்டு வெகுதூரம் போகிறார்கள். இனித் திரும்ப மாட்டார்களோ என்று நமக்குக் கவலை பிறக்கும் நேரத்தில் வந்துவிடுகிறார்கள். அந்தக் கவலையும் சேர்ந்ததுதான் இன்பம்.

சென்ற ஆண்டு நண்பருக்கு முன்பற்கள் போய்ப் பல்செட் வந்தது. ட்ரம்பெட்டை உதட்டில் அழுத்தினால் அது நகர்ந்தது. குழலைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். அந்தச் சமயத்தில்தான் பேத்திக்குக் கல்யாணம் கூடியது. தம் மூன்று பெண்களும் மணப்பெண்ணாய் மாதா கோயிலுக்குள் நடந்து வந்தபோது ஊதியவர் அவர். தனக்கும் தாத்தாதான் ஊத வேண்டும் என்று பேத்தி பிடிவாதமாக இருந்தாள். மணப்பெண் நடந்து வரும்போது ஊதும் அந்த மெட்டு கடைசியில் உச்சிக்கு ஏறும். அந்த உச்சி இனி அவருக்கு எட்டாது.

“சின்னசேலத்திலேருந்து பேண்டு செட்டு வருது. அவனுங்க ஊதட்டும்” என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

கூட வந்திருந்த அவர் மனைவி என் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்கண்ணா. அந்தப் பொண்ணு தெனம் போன் பண்ணி அழுவுது. இவரு இன்னாடான்னா, பாயசம் குடிக்கக்கூட பல்ல கழட்டி வெச்சிடறாரு. பல்லோட குடிச்சா ருசி தெரியலயாம்.”

“உனுக்கு இன்னா தெரியும்? மேல ஏறச்சொல்ல பல்லு பறந்து போயி பாதர் மேல வுழுந்தா யாரு பதில் சொல்றது?”

சிரித்து ஓய்ந்தபின் நான் ‘நீல’த்தை ஓடவிட்டேன். பலமுறை கேட்ட தட்டுதான். அன்று அவர் கண்ணை மூடாமல் கேட்டார்.

“இந்தாளு மேல ஏறவே இல்லபா. ஏற முடியலயா, வேணாம்னு வுட்டுட்டானா?”

“எனக்கும் தெரியாது. கேக்கறவனுக்கு அது எதுக்கு?” என்றேன்.

மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் போனபோது குழல் பரணிலிருந்து இறங்கியிருந்தது. இடக்கையில் ஒரு கொட்டாங்குச்சி. அதைக் கொண்டு குழலின் வாயைப் பொத்தியும் திறந்தும், கீழ்ச் சுரங்களில் மட்டும் மெட்டை ஊதிக்கொண்டிருந்தார். யாரோ வாய்க்குள் பேசுவதைப் போல வந்தது ஒலி. ஓரிடத்தில் சுரம் சரிந்தது. அதை மறைக்காமல் மறுபடி ஒருமுறை ஊதி, வேண்டியே ஊதியதைப் போல ஆக்கினார். உச்சியின் இடம் வந்ததும் குழலை இறக்கி, ஒரு மூச்சு நேரம் பொறுத்து, கீழிருந்தே தொடங்கினார். பல் அசையவில்லை.

“இது கல்யாணத்துக்கு ஆவுமா சாமியாரே? ஒப்பாரி மாதிரி இருக்குதா?”

“ஒப்பாரி இல்ல. பொண்ணு வூட்ட வுட்டுப் போறாளேன்னு இருக்குது. இருக்கட்டுமே.”

கல்யாணத்தன்று கல்வராயன் மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி, காலை முதலே தூறல். பேண்டு செட் வாசலில் முழங்கி ஓய்ந்தது. நான் நீறணிந்த நெற்றியோடு கோயிலின் பின்வரிசையில் உட்கார்ந்து, நண்பருக்காக என் இறைவனை வேண்டினேன். அவ்விடத்தில் இறைவனின் செவி கேளாது என்று எந்தப் பாட்டிலும் நான் படித்ததில்லை.

நண்பர் தாழ்ந்து, இடைவிட்டு ஊதினார். பேத்தி முதலில் வேகமாகத்தான் நடந்தாள். பிறகு ஒலி நின்ற இடங்களிலெல்லாம் அவளும் நின்று தாத்தாவைப் பார்த்தாள். உச்சியின் இடத்தில் அவர் குழலை இறக்கினார். அந்த மெட்டில் நடந்து வந்த அவருடைய மூன்று பெண்களுக்கும் ஊதாத சுரம் கேட்டிருக்க வேண்டும். மூவரும் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள். அவர் மறுபடி கீழிருந்து எடுத்தார். பேத்தி பீடத்தருகே போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல வந்தார். ‘நீல’த்தை வைத்தேன். பாதி கேட்டுத் தலையை ஆட்டினார்.

“நல்லாத்தான் ஊதறான். இன்னாத்துக்கு இவ்ளோ ஜாஸ்தியா ஊதறான்னுதான் தெரியல.”

என் மனைவி பாயசம் கொண்டுவந்தாள். பல்லைக் கழற்றி வைக்க அவர் ஒரு கிண்ணம் கேட்டார்.