நானூறு கிராம் இடம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அளவு சரிபார்த்த ஸ்டிக்கர் இல்லாத எந்தக் கருவியையும் தொட மாட்டேன். அப்படிப்பட்ட நான்தான், ஆவடியில் எங்கள் வீட்டு பாத்ரூம் வாசலில் கிடக்கும் எடை மெஷினை நம்பி மகளின் கையை உடைக்கப் பார்த்தேன்.

மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். ஆர்ம் ரெஸ்லிங் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். கேன்டீனில் டீக்காக நாங்கள் கை மடக்கியதை இப்போது நடுவரை வைத்துச் செய்கிறீர்களா என்று கிண்டல் செய்தேன். தண்டனையாக விதிகள் முழுவதையும் என்னிடம் ஒப்பித்தாள். முழங்கை மேஜைமேல் உள்ள சின்ன மெத்தையை விட்டு எழும்பினால் ஃபவுல். இரண்டு ஃபவுல் ஆனால் தோல்வி. மற்ற கை மேஜையின் கம்பியைப் பிடித்திருக்க வேண்டும். பிடி நழுவினால் இரண்டு பேர் கைகளையும் பட்டையால் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேல், கண் தன் கையை விட்டு நகரக் கூடாது. முகம் திரும்பினால் தோளும் திரும்பும். தோள் ஒரு பக்கம் கை ஒரு பக்கம் போனால் மேல்கை எலும்பு முறுகி உடைந்துவிடும்.

அந்தக் கடைசி விதியை மட்டும் போனில் தேடி வீடியோ பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அதன் பிறகு அவள் சாப்பிடும்போது டிவி பக்கம் திரும்பினாலும் "கையைப் பாரு" என்பேன்.

போட்டி பூந்தமல்லியில், ஒரு கல்யாண மண்டபத்தில். பெண்கள் குறைவு என்பதால் இரண்டே பிரிவு: ஐம்பத்தைந்து கிலோ வரை ஒன்று, அதற்கு மேல் எல்லாரும் ஒன்று. அன்று காலை எங்கள் மெஷின் ஐம்பத்து நான்கு கிலோ அறுநூறு காட்டியது. மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் சமையல் நான்.

"வெயிட் போட்டப்புறம் சாப்பிட்டுக்கிறேன்ப்பா."

"நானூறு கிராம் இடம் இருக்கு. வெறும் வயித்தோட போய் மயங்கி விழப் போறியா?"

வெண்பொங்கலைச் சரியாக முந்நூறு கிராம் நிறுத்து வைத்தேன். மீதி நூறை முன்ஜாக்கிரதையாக விட்டதில் எனக்குப் பெருமை வேறு.

மண்டபத்து மெஷின் ஐம்பத்தைந்து கிலோ நானூறு காட்டியது. பேரை மேல் பிரிவில் எழுதினார்கள்.

மகள் திட்டவில்லை. "இந்த மாதிரி மெஷினை உங்க கம்பெனிக்குள்ள விடுவீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"வேணாம்மா, வீட்டுக்குப் போயிடலாம்."

"பொங்கல் வீணாயிடும்ப்பா," என்று சொல்லிவிட்டு மேஜைக்குப் போனாள்.

எதிரே பாடி ஏரியாவில் ஜிம் நடத்தும் ஒரு பெண். பிடி சேர்த்தபோது என் மகளின் கை அவர் கைக்குள் காணாமல் போனது.

"இன்னாம்மா, இத்துனூண்டு கீறே. இந்த கிளாஸ்ல இன்னா பண்றே?"

"அப்பா பொங்கல் போட்டுட்டாருக்கா."

நடுவர்கூடச் சிரித்துவிட்டார். பிறகு "ரெடி, கோ" என்றார்.

மகள் கொஞ்ச நேரம் தாங்கினாள். மணிக்கட்டு பின்னால் வளைந்தது. வலியில் முகம் என் பக்கம் திரும்பியது. தோளும் கூடவே திரும்பத் தொடங்கியது. வீடியோவில் பார்த்த அதே கோணம்.

"கையைப் பாரு!" என்று கத்தினேன். நடுவரும் அதே நேரத்தில் "தோள், தோள்!" என்றார். அவள் முகத்தைத் திருப்பித் தன் கையைப் பார்த்தாள். தோள் நேரானது. கை மெதுவாகச் சாய்ந்து மெத்தையைத் தொட்டது. தோற்றுவிட்டாள். எலும்பு முழுசாக இருந்தது.

வீட்டிலிருந்து கொண்டுவந்த மீதிப் பொங்கல் டப்பாவைத் திறக்கப் பார்த்தேன். மூடி வரவில்லை. பாடிப் பெண் வாங்கி இரண்டு விரலால் திறந்து, கேட்காமலே ஒரு கை எடுத்துக்கொண்டார்.

"நல்லா கத்துனே நைனா. எனுக்கே கை ஆடிப்போச்சு. பொங்கல்ல மெளகு கம்மி."

அப்போதுதான் மகள் சொன்னாள், இரண்டு முறை தோற்றால்தான் போட்டியிலிருந்து வெளியே போக முடியுமாம். எல்லாப் பரீட்சையிலும் நான் கேட்டு ஏங்கிய சலுகை, அன்று பார்த்துக் கிடைத்தது. இரண்டாவது ஆட்டத்தில் வேறொருவரிடம் தோற்றாள். முகம் கடைசி வரை திரும்பவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எடை மெஷினைக் கம்பெனிக்கு எடுத்துப் போய்ச் சோதித்தேன். அரைக் கிலோ குறைத்துக் காட்டியது. வழக்கப்படி, தேறாத கருவிக்கு ஒட்டும் சிவப்பு அட்டையை ஒட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"இன்னொரு அட்டை இருக்காப்பா? உங்க நெத்தியில ஒட்டணும்," என்றாள் மகள்.

"புது மெஷின் வாங்கிடறேன். அடுத்த தடவை கரெக்டா கீழ் பிரிவுல நிக்கலாம்."

"வேணாம். அந்த அக்காகிட்ட எவ்ளோ நேரம் நின்னேன், பாத்தீங்கல்ல? மேல் பிரிவுலயே பேர் குடுத்துட்டேன். பொங்கல் மட்டும் பண்ணிடுங்க."

அடுத்த ஞாயிறு போட்டி. மிளகு வாங்கி வைத்திருக்கிறேன்.