கோடு கிழிக்காத தடங்கள்

லெட்சுமி பொய் சொல்லவில்லை. தவறு என்னுடையது. அதை மறைத்து, அவளுக்குப் பொய்க்காரி என்ற பெயர் வாங்கிக் கொடுத்தவன் நான்!

மஸ்ஜித் தானா ஊருக்குப் பக்கத்துக் கடற்கரையில் முட்டையிட ஏறிவரும் ஆமைகளின் தடங்களை எண்ணும் தொண்டர்கள் நாங்கள். சனிக்கிழமை காலை என் முறை. ஞாயிறு, டவுன் மளிகைக்கடையில் வேலை செய்யும் லெட்சுமியின் முறை. எண்ணிய தடத்தின் குறுக்கே குச்சியால் கோடு கிழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் வருபவர் அதையே புதிதென்று எண்ணிவிடுவார்.

ஒரு மாதம் முழுக்க நான் கிழிக்கவில்லை. கடல் ஏறி அழித்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்... அலை தொடாத மேல்மணல் வரை ஆமை போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்! வெயிலுக்கு முன் வீடு திரும்பும் அவசரம்... அவ்வளவுதான்.

மாதக் கூட்டத்தில் எங்கள் தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஜேக்கப், லெட்சுமியைப் பார்த்தார்.

“ஞாயிறு மட்டும் எப்படிம்மா இவ்வளவு தடம்? முட்டைக் குழி பாதிகூட இல்லையே. வீட்டிலிருந்தே எழுதினீங்களா?”

“என் கண்ணால பார்த்தேன் லா சார்! கடைக்கு லீவு போட்டுட்டு வந்து பொய்யா எழுதுவேன்?”

ஜேக்கப் என்னைக் காட்டினார். “அண்ணன் கணக்கப் பாருங்க. அத யாராச்சும் செக் பண்ணணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கணமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பாராட்டு... அது இனித்தது! வாய் திறக்கவில்லை.

அவளை எண்ணும் வேலையிலிருந்து நீக்கினார்கள். அவள் பதிந்த மெய்யான தடங்களும் சேர்ந்தே கணக்கிலிருந்து அடிபட்டன. அந்த ஆமைகள் கரையேறவே இல்லை என்றானது. இதைவிடப் பெரிய பொய் எது, நீங்களே சொல்லுங்கள்?

இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே மாதக் கூட்டத்தில், அவளையும் வரவழைத்து உண்மையைச் சொன்னேன்.

“வாராவாரம் கடைக்கு வந்து பிஸ்கட் வாங்கினீங்களேண்ணே... அப்பக்கூட வாய் வரலையா?” என்றாள்.

ஜேக்கப் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். முறையும் மாறியது. இப்போதெல்லாம் இருவர் சேர்ந்தே போகிறார்கள். தனித்தனியே எண்ணி, கரையை விட்டு அகலுமுன் ஒப்பிடுகிறார்கள். வேறுபட்டால் திரும்ப நடக்கிறார்கள். இந்தப் பருவத்தில் குருபோங், சுங்கை ரம்பாய் போன்ற ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். எங்கள் எண்களை இப்போது நானே நம்புகிறேன்!

அவர்களுக்குப் பயிற்சி தருபவள் லெட்சுமிதான். ஒவ்வொரு புதுக்குழுவிலும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: “ஏன் அக்கா ரெண்டு பேரு? ஒருத்தர் போதாதா?”

அவள் என் பக்கம் திரும்புவாள்.

“அண்ணன் சொல்வாரு.”

நான் எழுந்து நின்று சொல்கிறேன்.